மூணாவது மம்பட்டி

ஒரு ஊர்ல ஒரு மலை இருந்துச்சாம். ஊருக்குள்ள எப்படி மலை இருக்கும்னு கேக்காத, இருந்துச்சு, அவ்வளவுதான். காலை நீட்டிப் படு ஏட்டி. போர்வைய இழுக்காத. நான் கதை சொல்லச் சொல்ல நீ 'ம்' போடணும், இல்லைன்னா பெரியம்மா எந்திரிச்சுப் போயிருவேன். சரியா?

ம்.

அந்த மலைக்குக் கீழ வெள்ளத்தாயின்னு ஒருத்தி. புருஷன் வீடு அடிவாரத்துல, பொறந்த வீடு உச்சில. உச்சில அவ அம்மா ஒத்தையா இருந்தா. "கீழ வந்து என்கூட இரும்மா"ன்னா, "என் ஆட்டை யாரு, நீயா மேய்ப்ப?"ம்பா. அம்புட்டு வீம்பு. மேலயும் கீழயும் போய்வர பாதைன்னு ஒண்ணு கிடையாது. பாறை, முள்ளு, சறுக்கல். வெயில் காலத்துல எப்படியாச்சும் தொத்தித் தொத்தி ஏறிரலாம். மழை இறங்கிட்டா முடிஞ்சுது.

போன மழையில அம்மா சர்ருன்னு வழுக்கி விழுந்து இருபது நாள் படுத்த படுக்கையாக் கிடந்தா. வெள்ளத்தாயிக்கு சேதியே தெரியாது. மழை விட்டு மேல போய்ப் பாத்தா, கிழவி ஊறவச்ச அரிசியத் தின்னுக்கிட்டுக் கிடக்கா. வெள்ளத்தாயி அவள மடியில சாச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. அடுத்த மழைக்குள்ள உச்சிக்கு ஒரு பாதை போடலைன்னா எங்கம்மாவ உசுரோட பாக்க மாட்டேன்னு அவளுக்கு பயம் புடிச்சுக்கிச்சு.

அப்போ அந்தச் சுத்துவட்டாரத்துல மலைப்பாதைன்னா ஒரே பேருதான், மலையாண்டி. நல்ல உசரம், தோள் ரெண்டும் கதவு மாதிரி. அந்த வீட்டுல போடுற பாதை எந்த மழைக்கும் அசையாது. பிள்ளத்தாச்சி கூட தலையில குடம் வச்சுக்கிட்டு கை வீசி நடந்து வரலாம்.

ஆனா அவன்கிட்ட பாதை கேக்கணும்னா அங்க ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்யிற கைக்குன்னே ஒரு மம்பட்டி செஞ்சு பரிசாக் கொண்டு போகணும். ஒரு பாதைக்கு ஒரு மம்பட்டி. பாதை முடியும்போது இரும்பும் தேஞ்சு முடிஞ்சிருக்கும். மலையாண்டி வாங்கிப் பாப்பான். சரியா இருந்தா அன்னைக்கே வேலை ஆரம்பம். இல்லைன்னா தரையில வச்சுக் கும்பிட்டுட்டு உள்ள போயிருவான். என்ன குறைன்னு சொல்ல மாட்டான். குடுத்த பரிசுல நொட்டை சொல்லக் கூடாதுல்ல? ஒருத்தருக்கு மூணே தடவை. மூணும் தரைக்குப் போச்சுன்னா அந்தப் பக்கம் பாதையே கிடையாது. முன்னாடி பாதை வாங்குனவங்ககிட்ட போய்க் கேட்டா, "எப்படியோ அமைஞ்சுது தாயி, எங்களுக்கே தெரியல"ன்னு கைய விரிச்சுட்டாங்க.

ம் சொல்லு.

ம்.

அப்புறம் வெள்ளத்தாயி கொல்லாசாரிகிட்ட போனா. "ஆசாரி, ஊரே மூக்குல விரல வைக்கிற மாதிரி ஒரு மம்பட்டி வேணும்"ன்னா. டங்கு டங்கு டங்குன்னு அடிச்சாரு. பிடிக்குப் பித்தளைப் பூண் போட்டாரு. இரும்புல மலையாண்டின்னு பேரை எழுத்து எழுத்தாக் கொத்துனாரு. இவ புளி போட்டுத் தேய்ச்சா. பளபளபளன்னு மொகம் தெரியுது.

கொண்டு போனா. மலையாண்டி வாங்குனான். பேரைத் தடவிப் பாத்துச் சிரிச்சான். அப்புறம் திரும்பி வாசப் பக்கம் ஒரு பார்வை பாத்தான். அங்க அவன் பொண்டாட்டி சடைச்சி உக்காந்து கூடைக்குப் பிரம்பு பின்னிக்கிட்டு இருந்தா. குட்டையா, ஒல்லியா, ஆளே தெரியாது. வெள்ளத்தாயி அவளச் சரியாக்கூட பாக்கல. மலையாண்டி மம்பட்டிய மெதுவாத் தரையில வச்சான். கும்பிட்டான். போயிட்டான்.

போச்சு ஒண்ணு.

ரொம்பச் சின்னதா இருக்குறதால வேண்டாங்கிறான், இம்புட்டுப் பெரிய ஆளுக்கு இது விளையாட்டுச் சாமானால்ல இருக்கும், அப்படின்னு இவளா நெனச்சுக்கிட்டா. ரெண்டாவது மம்பட்டிக்கு இரும்ப அள்ளிப் போடச் சொன்னா. பிடி இவ நெத்தி உசரம். தூக்கிக்கிட்டுப் போறதுக்குள்ள நாலு இடத்துல இறக்கி வச்சு மூச்சு வாங்குனா. அவன் முன்னால போட்டா, தொம்! கோழியெல்லாம் பறந்துருச்சு.

மலையாண்டி ஒத்தக் கையில தூக்கிட்டான். அவளுக்கு நெஞ்சு குளுந்து போச்சு. அப்போ மறுபடி திரும்பி வாசப் பக்கம் பாத்தான் பாரு. பாத்துட்டு, தரையில வச்சான். கும்பிட்டான். போயிட்டான்.

ஏட்டி, வெள்ளத்தாயி என்ன பண்ணுவா பாவம்? மேக்க இடி உருட்ட ஆரம்பிச்சுருச்சு, கடமுடா கடமுடான்னு. எறும்பெல்லாம் முட்டையத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போகுது. பாக்கி இருக்குறது ஒரே தடவை. சோறு இறங்கல அவளுக்கு.

ம்... அப்புறம்?

அப்புறம் யோசிச்சா. இந்த மனுசன் வாயத் திறக்க மாட்டான். சரி, இவன் செஞ்ச வேலையவாச்சும் போய்ப் பாப்போம்னு, பக்கத்து மலையில அவன் போட்ட பாதைக்குப் போனா. நடக்கல. உக்காந்து உக்காந்து பாத்தா. பாதையோரம் வெட்டி இறக்குன மண்ணுல மம்பட்டி விழுந்த தடம் அப்படியே இருந்துச்சு. விரல வச்சுப் பாத்தா, நாலு விரல் அகலந்தான். ஒரு வெட்டு கூட அவ இடுப்புக்கு மேல இல்ல. எல்லாமே இடது பக்கத்துலருந்து விழுந்த வெட்டு. ஒவ்வொண்ணும் கோலம் போட்ட மாதிரி கிட்டக் கிட்ட, நிதானமா. அதுக்குக் கீழ முட்டுக் குடுத்த கல்லு மட்டும் யானை யானையா இருக்கு.

இவ கல்லப் பத்தி யோசிக்கல. வெட்ட மட்டும் மனசுல வாங்கிக்கிட்டு ஆசாரிகிட்ட ஓடுனா.

"சின்ன மம்பட்டி. நாலு விரல் அகலம். பிடி என் இடுப்புக்கு வந்தாப் போதும். இடக்கைக்கு வாகா இருக்கணும்."

ஆசாரி சுத்தியலக் கீழ வச்சுட்டாரு. "யாருக்கு, மலையாண்டிக்கா? உனக்கென்ன கிறுக்கா? அவன் நின்னா இது அவன் முட்டிக்கு வரும். அதோட அவன் சோத்துக்கைக்காரன், நான் கண்ணால பாத்துருக்கேன்."

அவளுக்கும் பயமா இருந்துச்சு. இருக்காதா பின்ன? கடைசித் தடவையாச்சே. "நடுத்தரமா ஒண்ணு அடிச்சுத் தர்றேன், தலைவிதின்னு குடுத்துட்டு வா"ன்னு அவரும் சொல்றாரு. ஆனா அந்த மண்ணுல விரல வச்சுப் பாத்தவ இவதானே?

"நான் பாத்தத நான் பாத்தேன். இதையே அடிங்க அண்ணாச்சி"ன்னா.

"பேரு?"

"மொதத் தடவை பேரு கொத்தி என்னத்தக் கண்டேன்? வேண்டாம்."

டிங் டிங் டிங்குன்னு அடிச்சுக் குடுத்தாரு. சின்னக் குருவி மாதிரி ஒரு மம்பட்டி.

மூணாந் தடவைங்கவும் ஊரே வேடிக்கை பாக்க வந்துருச்சு. ஆசாரியும் வந்துட்டாரு. மலையாண்டி அதக் கையில வாங்குனான். அவன் கையில அது அகப்பை மாதிரி இருந்துச்சு. கெக்கெக்கேன்னு ஒருத்தன் சிரிச்சான். இன்னொருத்தன், "இத வச்சுப் பல்லு குத்தலாம்"ன்னான். வெள்ளத்தாயி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. போச்சு, எங்கம்மா போச்சுன்னு அவ வாய்ல தானா வருது.

தரையில வைக்கிற சத்தம் கேக்கல.

கண்ணைத் திறந்தா, மலையாண்டி வாசப் பக்கம் திரும்பி, மொகமெல்லாம் சிரிப்பா நிக்கிறான். "ஏ சடைச்சி! இங்க வந்து பாரேன்!"

சடைச்சி முந்தானையில கையத் துடைச்சுக்கிட்டு வந்தா. இடக்கையால வாங்குனா. ஒரு தடவை தூக்கிப் பாத்தா. நேரா வீட்டுக்குப் பின்னால இருக்குற மேட்டுக்குப் போயி, சரக்! சரக்! சரக்! மூணே வெட்டு. மண்ணு வெண்ணெய் மாதிரி வழிச்சுக்கிட்டு வந்துச்சு. மூணும் நாலு விரல் அகலம்.

ஆசாரிக்கு வாய் மூடல. "பாதை வெட்டுறது நீயா தாயி?"

"நான் வெட்டுவேன். கல்லு தூக்கி வைக்கிறது அவரு. விடியுமுன்னே ரெண்டு பேரும் போயிருவோம். ஊரு வந்து பாக்குறப்ப அவரு கல்லோட நிப்பாரு, நான் கஞ்சி காச்சிக்கிட்டு இருப்பேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

"எல்லாரும் கொண்டாந்து அவருகிட்ட நீட்டுனாங்க. யாரு கைக்குன்னு ஒருத்தரும் கேக்கலையே அண்ணாச்சி"ன்னா சடைச்சி. கோவமே இல்ல அவளுக்கு. மம்பட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே சொன்னா.

சிரிச்சவன் மொகத்துல ஈயாடல. வெள்ளத்தாயி அப்படியே மண்ணுல உக்காந்துட்டா. பெருமூச்சு ஒண்ணு விட்டா பாரு, நாலு மாசமா அடக்கி வச்சிருந்த மூச்சு அது. சடைச்சி வந்து பக்கத்துல உக்காந்து, "உங்கம்மா வீடு எந்தப் பக்கம்?"ன்னு கேட்டா. இவ உச்சிப் பக்கம் கையக் காட்டுனா.

அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. சரக் சரக்னு அவ வெட்ட, தடால் தடால்னு அவன் கல்லு வைக்க, வெள்ளத்தாயி மண்ணு அள்ள, பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு பாதை மேல ஏறுச்சு. கடைசிக் கல்லு வச்சு மூணாவது நாள், சோன்னு மழை. விடாத மழை, பாத்துக்க. ஒரு நாள், ரெண்டு நாள், அஞ்சு நாள்.

ம்...

ஆறாவது நாள் மத்தியானம் வெள்ளத்தாயி அடுப்பு ஊதிக்கிட்டு இருக்கா. வெளிய கிணிங் கிணிங்னு மணிச் சத்தம். எட்டிப் பாத்தா, வாசல்ல நாலு ஆடு. ஆட்டுக்குப் பின்னால கோணிச் சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு அவ அம்மா. உடம்புல ஒரு சிராய்ப்பு இல்ல.

"நீ போட்ட பாதை மழைக்குத் தாங்குதான்னு பாக்க வந்தேன். தாங்குது"ன்னா கிழவி. வீம்பு போகுமா?

வெள்ளத்தாயி சிரிச்சா, அழுதா, ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சா. ஆட்டையெல்லாம் உள்ள கட்டுனா. அம்மா தலையத் துவட்டி, சுடச் சுடக் கஞ்சி ஊத்திக் குடுத்து, பாய விரிச்சுப் படுக்க வச்சா. மழை வெளிய பேஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அது பாட்டுக்குப் பேயட்டும்னு அவளும் அம்மா பக்கத்துல படுத்துக்கிட்டா.

அவங்க வந்து சேந்தாச்சு, கதையும் வந்து சேந்தாச்சு. கண்ண மூடு தங்கம், தூங்கு.