கை காட்டாத வளைவு

தெற்குப் பிரான்ஸில் ஒரு கரையோரம். மலை அங்கே மத்தியதரைக் கடலுக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அனஸ்தாசி என்ற புதுச்சேரிப் பெண் அந்த மலைகளில் ஓட்டும் சைக்கிள்காரர்களுக்கு வரைபடத்தில் வழி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எந்த ஏற்றத்தில் மூச்சு முட்டும், எந்த ஊர்க் குழாயில் தண்ணீர் வரும், மழைக்குப் பிறகு எந்த வளைவில் கல் உருண்டு கிடக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வயது நாற்பதைத் தாண்டவில்லை. ஆனாலும் அவளிடம் பழகியவர்கள், நரைத்த தலைகள் உட்பட, அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த நரைத்த தலைகளில் ஒருவர் தைரியநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபத்தைந்து வருஷம் இருந்தவர். பெயரில் இருந்த தைரியம் கொஞ்ச நாளாக ஆளிடம் இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் மாஸ்டரின் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"வேற வழி ஒண்ணு போட்டுக் குடுங்க, மாஸ்டர்."

"போன வாரம் குடுத்தது என்ன ஆச்சு, மிசியே?" ஐயா என்பதை அவள் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வாள்.

"அதுலயும் வருது."

எது வருகிறது என்று மாஸ்டர் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

ஏழு மாதத்துக்கு முன்பு தைரியநாதனும் அவர் மனைவியின் தம்பி பிலவேந்திரனும் சேர்ந்து மலையிலிருந்து இறங்கினார்கள். தைரியநாதன் முன்னால், பிலவேந்திரன் பின்னால். சைக்கிள்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒட்டிக்கொண்டு பின்னால் வருகிறவனுக்குச் சாலை தெரியாது. முன்னால் போகிறவனின் முதுகுதான் தெரியும். அதனால் குழி வந்தாலும் கல் வந்தாலும் முன்னவன் கையை இறக்கிச் சுட்டிக் காட்ட வேண்டும். அன்று இருபத்திரண்டாவது வளைவில் ஒரு குழி இருந்தது. தைரியநாதன் ஒதுங்கிப் போய்விட்டார். பிலவேந்திரன் விழுந்தான். அங்கே சாலையோரச் சுவர் முழங்கால் உயரம்தான். சுவருக்கு அப்பால் கடல் வரைக்கும் ஒன்றும் கிடையாது.

"கை காட்ட நேரமில்லை" என்று தைரியநாதன் போலீஸிடம் சொன்னார். மனைவியிடம் சொன்னார். பாதிரியாரிடமும் அதையே சொன்னார்.

பிலவேந்திரனின் முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. மிதிப்பதை நிறுத்திச் சும்மா விட்டால் பின் சக்கரம் கிர்ரென்று பேசிக்கொண்டே ஓடும் அல்லவா, அந்தச் சத்தம். தைரியநாதன் நிறுத்தாமல் மிதிப்பார். அவர் சக்கரம் ஊமையாக ஓடும். அவருக்கு இரண்டு முழம் பின்னால் கிர்ரென்று கேட்கும். திரும்பினால் வெறும் சாலை. வேகம் கூட்டினால் அதுவும் கூட்டும். நின்றால் அதுவும் நின்று காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மாஸ்டர் திராட்சைத் தோட்டங்கள் வழியாக ஒன்று போட்டுக் கொடுத்தாள். உப்பளத்தைச் சுற்றி ஒன்று. மனிதர் நடமாட்டமே இல்லாத புட்டித் தக்கை உரிக்கும் கார்க் மரக் காடு வழியாகக் கூட ஒன்று. எல்லாவற்றிலும் அது வந்தது.

"சைக்கிளை வித்துட்டு வீட்டுல உக்காருங்களேன்" என்றாள் மாஸ்டர்.

"மாடிப்படி ஏறுறப்பவும் கேக்குதுங்க."

மாஸ்டர் பேனாவை மூடி வைத்தாள்.

"மிசியே, அன்னைக்கு நேரம் இருந்துச்சா?"

தைரியநாதன் ஜன்னலைப் பார்த்தார்.

"இருந்துச்சு" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். "அன்னைக்குக் காலையில காப்பிக் கடையில, 'மாமா, இனிமே உங்களுக்கு மலை எதுக்கு, கடலோரமா உருட்டிட்டுப் போங்க'ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சான். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. இறக்கத்துல அவனை விட்டுட்டுப் போயிடணும்னு இறங்குனேன். குழியைப் பார்த்தேன். கொஞ்சம் தடுமாறட்டுமேன்னு நினைச்சேன், மாஸ்டர். தடுமாறட்டும்னுதான். விழுவான்னு நினைக்கல."

அறுபது வயது மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். மாஸ்டர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளினாள். அழுது முடியட்டும் என்று இருந்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். இப்ப அவர் பின்னாடி வர்றப்ப, குழி வந்தா கை காட்டுறீங்களா?"

"யாருக்குங்க?"

"பின்னாடி வர்றவருக்கு."

"பின்னாடிதான் யாரும் இல்லையே."

"அப்ப யாருக்குப் பயந்து வழி மாத்துறீங்க?"

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆறு மாசமா ஒரு மனுஷன் உங்க பின்னாடி வர்றாரு, மிசியே. இத்தனை வழி சுத்திட்டீங்க. ஒரு சின்னக் கல்லைக் கூட நீங்க அவருக்குக் காட்டல."

தைரியநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த வழியில போகட்டும்?"

"அன்னைக்குப் போன வழியில."

மறுநாள் உச்சிவேளையில் அவர் மலை உச்சியில் இருந்தார். ஆகஸ்ட் மாத வெயில். வழியில் இருந்த ஊர்களில் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஆலிவ் மரங்களில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்த பூச்சிகள், அவர் இறங்க ஆரம்பித்ததும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

கிர்ரென்று பின்னால் கேட்டது.

முதல் வளைவில் ஒரு கல் கிடந்தது. அவர் வலது கையை இறக்கிக் காட்டினார். யாராவது பார்த்தால் கிழவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்பார்கள் என்று கூச்சமாக இருந்தது. இரண்டாவது வளைவில் வெடிப்பு. காட்டினார். நான்காவதில் மணல். காட்டினார். ஐந்து, ஆறு என்று போகப் போகக் கூச்சம் போய்விட்டது. கை தானாக இறங்கியது. பின்னால் வந்த சத்தமும் அவர் காட்டிய இடத்தில் எல்லாம் லேசாக ஒதுங்கி, மறுபடி அவருக்கு நேராக வந்தது.

பதினேழாவது வளைவில் கீழேயிருந்து இரண்டு பேர் சைக்கிளில் ஏறி வந்தார்கள், ஆணும் பெண்ணுமாக. எதிரே வருகிறவர்களுக்குத் தலையசைப்பது அங்கே மரியாதை. இருவரும் அவருக்குத் தலையசைத்தார்கள். அவரைத் தாண்டும்போதே, அவருக்குப் பின்னால் பார்த்து இன்னொரு தடவையும் அசைத்தார்கள்.

தைரியநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அங்கேயே விழுந்திருப்பார்.

இருபத்திரண்டாவது வளைவு வந்தது. குழியை மூடிவிட்டிருந்தார்கள். சாலையில் கறுப்பாக ஒரு தார் ஒட்டு, கண்ணாடி மாதிரி வழவழவென்று. அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. காட்டலாம் என்று நினைத்தாலும் கை பிரேக்கை விட்டு வர மறுத்தது. விரல்கள் அவருடையவை இல்லாதது போல இறுகிக் கிடந்தன. ஒட்டு நெருங்கியது.

"குழிடா!" என்று தமிழில் கத்தினார். கை இறங்கியது.

பின்னால் சத்தம் இடது பக்கம் ஒதுங்கியது. இந்தத் தடவை அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மெல்ல அவர் தோளுக்கு நேராக வந்தது. பிலவேந்திரன் முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை வந்தது. அவர் இடது கையில் காற்றுப் பட்டது, மத்தியான வெயிலில் அவ்வளவு குளிராக. அப்புறம் சத்தம் அவரைத் தாண்டி முன்னால் போய், அடுத்த வளைவில் திரும்பி, கேட்காமல் போனது.

மரங்களில் பூச்சிகள் மறுபடி கத்த ஆரம்பித்தன.

அன்று மாலை அவர் மாஸ்டரிடம் வந்தார். அவள் யாருக்கோ புது வழி ஒன்றைக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"தாண்டிப் போயிட்டான், மாஸ்டர். இப்ப பின்னாடி ஒண்ணும் கேக்கல. வர்ற வழியெல்லாம் கேக்கல."

"நல்லது. வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். நேரம் இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். அவ கதவைச் சாத்திக்கிட்டா. ஒரு மணி நேரம் கழிச்சுத் திறந்தா. சாப்பாடு எடுத்து வச்சா. பேசல."

மாஸ்டர் தலையசைத்தாள்.

அவர் கிளம்பவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார்.

"அடுத்த வாரத்துக்கு ஒரு வழி போட்டுக் குடுங்களேன்."

"நான் எதுக்கு, மிசியே? இப்பதான் உங்களுக்கு முன்னாடி ஆள் இருக்காரே."

தைரியநாதனின் கை தொப்பியில் நின்றுபோனது.

"அவன் எங்க கூட்டிட்டுப் போவான்?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாஸ்டர் படத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எல்லாரும் ஒரு நாள் போற இடத்துக்குத்தான். முந்தணும்னு மட்டும் பார்க்காதீங்க. அவர் கை காட்டுவாரு, பார்த்துக்கிட்டே போங்க."