கிழக்குக் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா?

குடியிருந்த குளம் வற்றிப்போய், பறக்கத் தெரியாத நாலு குஞ்சுகளும் கையில் இருந்தால், நீங்கள் யாரிடம் போய் வழி கேட்பீர்கள்?

செம்மூக்கி என்ற நீர்க்கோழி நேராகப் புளியமரத்துக்குப் போனது. காட்டில் எல்லாரும் காலையில் அங்கேதான் கூடுவார்கள். கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே பதில்கள் வந்து விழும்.

"எந்தக் குளத்துல தண்ணி இருக்கு? சொல்லுங்களேன்!"

"கிழக்குக் குளம்!" என்று கத்தியது காகம். "கரை தளும்புது!"

"தளும்புதாவது! வழிஞ்சு ஓடுது!" என்றது மைனா.

"மீனெல்லாம் துள்ளுதாம்!" என்றது கிளி.

உடனே மரம் முழுக்க, "கிழக்கு! கிழக்கு!" என்று ஒரே கூச்சல்.

செம்மூக்கி குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தது. வெட்டவெளியில் நடக்க வேண்டும். மேலே பருந்து சுற்றுகிறது. தப்பான பக்கம் போய்விட்டால், திரும்பி வரக் குஞ்சுகளுக்குத் தெம்பு இருக்காது.

"காக்காண்ணே, நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? மைனா சொல்லுச்சு!"

"மைனாக்கா, நீங்க?"

"எனக்குக் கிளி சொல்லுச்சு!"

"கிளியக்கா?"

கிளி கழுத்தைச் சொறிந்தது. "எனக்கு... காக்காதான் சொல்லுச்சு!"

"நல்லாருக்கு! மூணு பேரும் பேசியே குளத்தை ரொப்பிட்டீங்களாக்கும்!" செம்மூக்கிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "சரி, மாத்திக் கேக்கிறேன். கண்ணால பாத்தவங்க யாரு? அவங்க மட்டும் சொல்லுங்க!"

காகம் சிறகைக் கோதத் தொடங்கியது, மைனா வேறு கிளைக்குத் தாவியது.

வேரடியில் ஒரு நண்டு மெல்லக் கொடுக்கைத் தூக்கியது. தினமும் வந்து எல்லாவற்றையும் கேட்கும், ஒருநாளும் வாய் திறக்காது.

"நேத்து வரைக்கும் கிழக்குக் குளத்துலதாம்மா இருந்தேன். வெறும் சேறு. மேற்கே பாறைப் பள்ளத்துல தண்ணி கெடக்கு. இப்பத்தான் முங்கிட்டு வர்றேன்."

அதன் முதுகு இன்னும் ஈரமாக இருந்தது.

"இவ்வளவு நேரம் ஏண்ணே சும்மா இருந்தீங்க?"

"இத்தனை பேர் கத்துறப்போ, நான் ஒருத்தன் சொன்னா யாரு நம்புவா?"

செம்மூக்கி புதர் ஓரமாகவே மேற்கே நடந்தது. வெயில் ஏறும் முன் நாலு குஞ்சுகளும் பாறைப் பள்ளத்தில் முங்கி முங்கி எழுந்தன.

கேட்கிறவர் 'நீ பார்த்தாயா?' என்று கேட்டாக வேண்டும், பார்த்தவர் வாயைத் திறந்தாக வேண்டும். அதனால்தான் மறுநாள் காலை செம்மூக்கி புளியமரத்தடிக்கு வந்து நண்டிடம் சொன்னது:

"அண்ணே, இனிமே யாராவது கேட்டா, சத்தத்துக்குப் பயந்து ஒதுங்கிடாதீங்க. மொத ஆளா நீங்க சொல்லிடுங்க!"