அங்குசத்தோடு துரத்திய பாகன்

கேளுங்கள், பிள்ளைகளே. பிள்ளை பெற்றவர்கள் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் மலையடிவாரத்தை ஒரு ராஜா ஆண்டார். அவர் பெயர் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். சொல்லும்படி அவர் யாருக்கும் ஒன்றும் செய்ததில்லை.

அவருடைய யானைப் பாகன் சடையன். மதம் பிடித்த யானையையும் பேசியே நிறுத்துவான். ஆனால் ஐந்து வயது மகள் நாச்சியிடம் மட்டும் அவனுக்குப் பொறுமையே கிடையாது.

திருவிழா அன்று, படுத்திருந்த யானையின் நெற்றியில் சடையன் வண்ணக் கோலம் எழுதி முடித்தான். யானைக்குச் சோற்றுக் கவளம் எடுக்கப் போய்த் திரும்பினான். அதற்குள் நாச்சி அந்த நெற்றி முழுக்கச் சேற்றை அப்பியிருந்தாள். ஊர்வலமோ புறப்படப் போகிறது!

சடையன் கையிலிருந்த அங்குசத்தை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். யானை மிரண்டு எழுந்தது. நாச்சி அதன் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டாள்.

"வெளியே வாடி! இன்னிக்கு உன் தோலை உரிக்கிறேன்!"

யானைக்கு மகளைத் தெரியுமா, மருமகளைத் தெரியுமா? ஓங்கிய அங்குசம்தான் தெரிந்தது. அடி தனக்குத்தான் என்று நினைத்துக் காலை மாற்றி மாற்றி வைத்தது. ஒரு கால் குழந்தையின் கைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

அவன் மனைவி குப்பாயி ஓடி வந்தாள். "யோவ், கத்தாதே! நீ கத்தக் கத்த அது மிதிக்குது!"

சடையன் அங்குசத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு குழைந்தான். "என் கண்ணுல்ல, வா."

"பொய்! பின்னால என்ன வச்சிருக்கே?" என்றாள் நாச்சி.

யானையும் நம்பவில்லை. தும்பிக்கையை வீசிப் பிளிறியது.

மூன்றாம் முறை சடையன் கத்தவும் இல்லை, குழையவும் இல்லை. அங்குசத்தைத் தூர எறிந்தான். மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். ஆத்திரம் அடங்கும்வரை மூச்சை இழுத்து இழுத்து விட்டான். அவனுக்கு ராஜா மறந்து போனார். கோலம் மறந்து போனது. அந்தச் சின்னக் கை மட்டும் கண்ணில் நின்றது.

"நாச்சி, அப்பாவுக்குப் பயமா இருக்கும்மா."

"உனக்கா?"

"ஆமா. உன்னை மிதிச்சிடுமோன்னு."

யானையின் கால்கள் நின்றன. காதுகள் மெல்ல அசைந்தன. நாச்சி தவழ்ந்து வந்து அவன் மடியில் ஏறினாள். "நானும் கோலம்தாம்பா போட்டேன்," என்று விசும்பினாள்.

"சேத்துல போடக் கூடாது. வா, ரெண்டு பேரும் கழுவுவோம்."

கழுவினார்கள். ஊர்வலம் தாமதமானது. ராஜா முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும், அவருக்கு அது ஒன்றுதானே வரும்.

அதற்குப் பிறகு நாச்சி குறும்பே செய்யவில்லை என்று சொன்னால் நான் பொய்யன். மறுநாளே கவளத்தில் பாதியை ஆட்டுக்குப் போட்டாள். சடையனுக்குச் சுர்ரென்று ஏறியது. சற்று உட்கார்ந்தான். பிறகுதான் அவளைக் கூப்பிட்டான். அவளும் ஓடி ஒளியாமல் வந்தாள்.

பிள்ளையைத் திருத்தப் போகிறவர் முதலில் தன் கோபத்தை அடக்கிக்கொண்டு போக வேண்டும்.