பிரதானியார் கையில் இலைமூட்டை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. பெயரைச் சொன்னால் அது எங்கள் ஊர்தான் என்று பத்து ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே பெயர் வேண்டாம். அதை ஆண்ட மகிபாலருக்குத் திடீர் திடீரென்று ஏதாவது தோன்றும். ஒருநாள், தலைநகரின் கடைத்தெருவில் பெரிய போஜனசாலை ஒன்று கட்ட வேண்டும் என்று தோன்றியது. வணிகர்களும் வழிப்போக்கர்களும் வீட்டுச் சமையல் அலுத்த ஊர்க்காரர்களும் அங்கே வயிறாரச் சாப்பிட வேண்டும்.

கட்டியாயிற்று. சமைக்க ஆள் வேண்டுமே? அரசவை விகடகவி தாண்டவராயர், கல்யாண வீடுகளில் சமைத்துப் பிழைத்துவந்த செங்கமலம் என்ற பெண்ணின் பெயரைச் சொன்னார். "அவள் வைக்கும் ரசத்துக்காகவே காய்ச்சல் வரக்கூடாதா என்றிருக்கும், மகாராஜா!" அரசர் சிரித்துக்கொண்டே அவளை நியமித்தார். தன் ஆள் ஒருவனை அங்கே அமர்த்த நினைத்திருந்த பிரதானி வீரபாகுவுக்கு இது பொறுக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, அரசரை அவர் போஜனசாலையின் பின்பக்கத்துக்கு அழைத்துப்போனார். அங்கே எச்சில் இலைகள் குன்றாகக் குவிந்து கிடந்தன. வடையும் சோறும் பொரியலும் கடிபடாமல் மண்ணில் கிடந்தன.

"பார்த்தீர்களா, பிரபு? வாயில் வைக்க விளங்காததால்தான் வீசிவிட்டுப் போகிறார்கள்" என்றார் வீரபாகு.

அரசருக்குக் கோபம் தலைக்கேறியது. தாண்டவராயரை வரவழைத்தார். "வரும் பௌர்ணமியன்று அவை முழுவதும் அங்கே விருந்துண்ணப் போகிறோம். அன்று ஓர் இலையாவது சோற்றோடு குப்பைமேட்டுக்குப் போனால், அந்தச் சமையற்காரியும் அவளைச் சேர்த்துவிட்ட நீரும் நாட்டைவிட்டுப் போக வேண்டும்!"

"கேட்டதை இல்லையென்று சொல்லக் கூடாது, அளவைக் குறைக்கக் கூடாது, யாரையும் வற்புறுத்தித் தின்னவைக்கவும் கூடாது" என்று வீரபாகு பக்கத்திலிருந்து முடிச்சுப் போட்டார்.

தாண்டவராயர் கைகூப்பினார். "சோற்றோடு இலை குப்பைமேட்டுக்குப் போகக் கூடாது. உத்தரவு அவ்வளவுதானே, மகாராஜா?"

"அவ்வளவுதான்!"

வாய் துணிந்து பேசிவிட்டதே தவிர, வழி ஒன்றும் அவருக்குத் தோன்றவில்லை. நேரே சமையற்கட்டுக்குப் போனார். செங்கமலத்துக்குச் செய்தி முன்பே எட்டியிருந்தது. கண்கள் சிவந்து நின்றாள்.

"உப்பு ஒறப்பு குறைஞ்சா சொல்லட்டும் ஐயா, திருத்திக்கிறேன். கேட்டுக் கேட்டு வாங்கி, அப்படியே வச்சிட்டு எந்திரிக்கிறாங்களே, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? என்னால உங்களுக்கும் கெட்ட பேரு."

"அழாதே அம்மா. இன்று நானும் பந்தியில் உட்கார்கிறேன்."

உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு வணிகர், நண்பர்களுக்கு முன்னால் தம் தாராளத்தைக் காட்ட, "போடு, இன்னும் போடு!" என்று எல்லோர் இலையையும் நிரப்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பரிமாறுகிறவர்களோ வேண்டுமா என்று கேட்பதற்குள் அடுத்த கரண்டியைச் சாய்த்தார்கள். ரசம் வரும்போதே தாண்டவராயருக்கு மூச்சு முட்டியது. எழுந்தபோது தம் இலையைப் பார்த்தார். அவரும் ஒரு கைச் சோறு மிச்சம் வைத்திருந்தார். குறை அடுப்பில் இல்லை என்பது அவருக்கு விளங்கியது.

பௌர்ணமி வந்தது. வீரபாகு தம் சகாக்களிடம் கண்ணைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். "அதிரசம் கொண்டு வா! புளியோதரை இங்கே! இன்னும், இன்னும்!" செங்கமலம் எதையும் இல்லையென்று சொல்லவில்லை. பந்தி முடிந்தபோது பிரதானியாரின் இலையில் அதிரசம் கோபுரமாக நின்றது. கதவோரம் நின்ற அவள் மிச்சம் வைத்த இலைகளை எண்ணத் தொடங்கினாள்.

தாண்டவராயர் மட்டும் அசையவில்லை. ஆட்களை வைத்து ஒவ்வோர் இலையையும் மிச்சத்தோடு மடித்து, ஒழுகாமல் மந்தார இலையில் பொதிந்து, வாழைநாரால் கட்டவைத்தார். கைகழுவி வந்தவர்களிடம் வாசலில் நின்று ஒவ்வொரு மூட்டையாக நீட்டினார்.

"என்ன இது?" என்றார் வீரபாகு.

"தங்கள் இலை, பிரதானியாரே."

"எச்சில் இலையை என் கையிலேயே கொடுக்கிறீரா?"

"தங்கள் எச்சில்தான். மற்றவர் இலையை மாற்றித் தரவில்லை. தாங்கள் ஆசையாகக் கேட்டு வாங்கியதை நான் குப்பையில் போடலாமா? உத்தரவு அப்படி. அதிரசத்தில் தங்கள் விரல்கூடப் படவில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு ஆகும்."

அவை கொல்லென்று சிரித்தது. அரசரும் சிரித்தார். "ஓர் இலையும் குப்பைமேட்டுக்குப் போகவில்லை, தாண்டவராயர் ஜெயித்தார்! வீரபாகு, மூட்டையை நீரே சுமந்து செல்லும்."

தாண்டவராயர் தயங்கி, இன்னொரு மூட்டையை எடுத்தார். "தங்களுடையதும் இருக்கிறது, மகாராஜா."

சிரிப்பு நின்றுவிட்டது. அரசர் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். பாதிச் சோறு, இரண்டு வடை, தொடாத போளி. அவர் முகம் வாடியது.

"பாதியிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. போதும் என்றால் ஆக்கிப் போட்டவள் மனம் நோகுமே என்று பேசாமல் இருந்தேன்" என்றார் மெல்ல.

செங்கமலம் தன்னை மறந்து முன்னால் வந்தாள். "போதும்னு சொன்னா மனசு குளிரும் மகாராஜா. வயிறு நிறைஞ்சிருச்சுன்னுதானே அர்த்தம்? மிச்சம் வச்சாத்தான் நோகுது."

அரசர் போளியை எடுத்து அங்கேயே நின்றபடி தின்றார். "அம்மா, தவறு சமையலில் இல்லை. இனி முதலில் கொஞ்சமாகப் பரிமாறட்டும். கேட்டு, வேண்டுமென்றால் மறுபடி வரட்டும். கை மறித்தால் கரண்டி நிற்கட்டும். அப்படியும் மிஞ்சினால், சாப்பிட்டவர் கட்டிக்கொண்டு போகட்டும்."

வீரபாகு மூட்டையோடு கடைத்தெரு வழியே நடந்தார். "என்ன பிரதானியாரே, வீட்டுக்குச் சாப்பாடா?" என்று கடைக்குக் கடை விசாரித்தார்கள். ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே அவர் நடையை எட்டிப் போட்டார்.

மறுநாள் அவையில் அரசர் கேட்டார். "மூட்டை என்னவாயிற்று, வீரபாகு?"

பிரதானியார் தலையைச் சொறிந்தார். "பிள்ளைகள் பறித்துத் தின்றுவிட்டார்கள், பிரபு. எனக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதோடு..."

"அதோடு?"

"அந்த அதிரசப் பாகின் பக்குவத்தைச் செங்கமலத்திடம் கேட்டு வராவிட்டால் வீட்டுக்குள் வர வேண்டாம் என்கிறாள் என் மனைவி."

அரசர் சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். செங்கமலத்துக்குப் பொற்காப்பும், தாண்டவராயருக்குப் பட்டுச் சால்வையும் முத்துமாலையும் கொடுத்தார். அதோடு நிற்காமல், இன்னும் இன்னும் என்று தட்டுத் தட்டாகக் கொண்டுவரச் செய்தார்.

தாண்டவராயர் தட்டின்மேல் கையை மறித்தார்.

"போதும், மகாராஜா."