மெல்லத் தட்டிய சுத்தியல்

"எல்லாம் சரியா இருக்கு மேடம். கை மட்டும் கையெழுத்துப் போட மாட்டேங்குது."

கஸ்பார் அலுவலக வாசலிலேயே நின்றார். முப்பது வருஷம் கப்பல் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர். ஐம்பத்திரண்டு வயதில், கப்பல் சோதனை அதிகாரி ஜெசிந்தாவிடம் அந்தத் தொழில் படிக்க வந்து சேர்ந்தார். அவள் அவருக்குப் பத்து வயது இளையவள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் அந்தக் கப்பல் நின்றது. முப்பத்தாறு வருஷப் பழசு. உப்பு சுமந்தே வயதானது. நாலு மணிக்குப் புறப்பாடு. மாலுமிகள் பதினாலு பேர். சோதித்துப் பார்த்த கஸ்பாரின் கையெழுத்து விழுந்தால் போகும். இல்லையென்றால் நிற்கும்.

மணி இரண்டு.

"தகட்டுக் கனம் அளந்தீங்களா?"

"அறுபது இடத்துல அளந்தேன். தேய்மானம் கம்மிதான்."

"அடியில தண்ணித் தொட்டி?"

"இறங்கினேன். துரு பாளம் பாளமா நிக்குது. அதுமேல கருவி வச்சா அளவு காட்டல. அதனால சுத்தியலால தட்டிப் பாத்தேன்."

"சத்தம்?"

"கெட்டிச் சத்தம்தான்."

"பொறவு என்ன?"

"தெரியல மேடம். மத்தியானம் சோறு இறங்கல. அந்தச் சத்தம் காதுலயே நிக்குது."

ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. மூலையிலிருந்த இரும்பு பீரோவைக் காட்டினாள்.

"அதே மாதிரி அதுல தட்டுங்க."

கஸ்பார் பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். தட்டினார். பீரோமேல் இருந்த டீ கிளாஸ் அசையவில்லை.

"உள்ள யாராச்சும் தூங்குறாங்களா அண்ணாச்சி?"

கஸ்பாருக்கு முகம் சுருங்கியது.

"கேப்டன் பக்கத்துலயே நின்னாரு. வயசான கப்பல், பாத்துத் தட்டுங்கன்னாரு. நியாயந்தான? பழைய கப்பல்ல எஞ்சின்காரங்க நாங்க யாரும் ஓங்கித் தட்டமாட்டோம். அந்தக் காலத்துலேருந்து வழக்கம்."

"ஏன்?"

"ஓங்கித் தட்டினா ஓட்ட விழு..."

வாய் அப்படியே நின்றது.

ஜெசிந்தா எழுந்தாள். ஜன்னலைத் திறந்தாள். வெளியே, அலைதடுப்புக் கல்லில் கடல் மோதிக்கொண்டிருந்தது. ஒரு மோதல். இடைவெளி. இன்னொன்று.

கஸ்பார் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார்.

"அண்ணாச்சி."

"சொல்லுங்க."

"பாத்துத் தட்டணும்னு கேப்டன் கடல்கிட்டயும் சொல்லிட்டாரா?"

கஸ்பார் மணி பார்த்தார். இரண்டேகால்.

தன் சுத்தியலை மேசைமேல் வைத்தார். கதவோரம் சாய்த்து வைத்திருந்த அவளுடைய பெரிய சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.