நடுங்கும் ஸ்டியரிங்

எட்டயபுரம் ரோட்டில் இருக்கும் ஜெனோவாவின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொம்பையா தொழில் படிக்க வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அவளுக்கு முப்பத்துநாலு. அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அதற்கு முன் இருபது வருஷம் அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். ஒரு மழைநாளில் நாய் குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தார். வேன் வழுக்கிக்கொண்டு போய்ப் பாலத்துச் சுவரில் இடித்தது. ஒரு பிள்ளைக்குக் கை முறிந்தது. பிறகு கூடியும் விட்டது. உங்கள் மேல் தப்பில்லை என்று பிள்ளையின் தகப்பனே வீடு தேடி வந்து சொன்னார். ஆனாலும் கொம்பையா அதன்பின் டிரைவர் சீட்டில் உட்காரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டியை நகர்த்த வேண்டுமென்றாலும் தள்ளித்தான் நகர்த்துவார்.

ஒரு நாள் காலை மீரான் தன் டாக்ஸியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் கிடந்து நடுங்குது மேஸ்திரி. அம்பதைத் தாண்டிட்டா கையில நிக்க மாட்டேங்குது. நாளைக்கு விடிய ஒரு பெரியவரை டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி கூட்டிட்டுப் போகணும்.”

“சாயங்காலம் வாங்க” என்றாள் ஜெனோவா. பிறகு கொம்பையாவிடம் திரும்பினாள். “நீங்க பாருங்க அண்ணாச்சி.”

கொம்பையா ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரங்களை அசைத்துப் பார்த்தார். ஆட்டம் இல்லை. ஸ்டியரிங்கின் ஒவ்வொரு போல்டாக இறுக்கினார். வீல் பேலன்ஸ் செய்தார். மத்தியானம் ஜெனோவா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள்.

“இன்னும் நடுங்குது.”

கொம்பையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “நடுங்குற இடத்துல எல்லாம் பார்த்துட்டேன் மேஸ்திரி. ஒரு குறையும் இல்ல. பின்ன எங்க இருந்துதான் வருது?”

அவள் சாவியை நீட்டினாள்.

“நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காருதேன்” என்றார் அவர்.

“நான் ஓட்டினா என் கைக்குத்தான் தெரியும்.”

கொம்பையா சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் மாட்டேன் என்றிருப்பார். மீரான் சொன்ன அந்தப் பெரியவர் மனதில் வந்தார். சாவியை வாங்கிக்கொண்டார்.

உப்பளத்துக்கு நடுவே போகும் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. முதல் கிலோமீட்டரை இருபதிலேயே ஓட்டினார். ஜெனோவா வெளியே உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஸ்பீடாமீட்டர் முள் மெல்ல அறுபதைத் தொட்டது.

“இப்ப பிரேக் பிடிங்க.”

அவர் கால் நகரவில்லை. 

“ரோடு நீளமாத்தான் இருக்கு. மெதுவாப் பிடிங்க” என்றாள்.

கொம்பையா மிதித்தார். ஸ்டியரிங் அவர் கைக்குள் நடுங்கியது. காலை எடுத்துவிடத் துடித்தது உடம்பு. எடுக்கவில்லை. வண்டி கோடு போட்டதுபோல நேராகப் போய் நின்றது.

ஜெனோவா ஹேண்ட்பிரேக்கைக் காட்டினாள்.

“இன்னொரு தடவை. இப்ப காலால வேண்டாம். ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழுங்க.”

அவர் அப்படியே செய்தார். வண்டி வேகம் குறைந்து நின்றது.

“நடுங்கலையே” என்றார்.

“ஹேண்ட்பிரேக் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கும்?”

“பின்சக்கரத்தை.” சொல்லிவிட்டு ஒரு கணம் யோசித்தார். “அப்ப குறை முன்சக்கரத்து பிரேக் டிஸ்க்குல.”

ஒர்க்‌ஷாப்புக்கு அவரே ஓட்டி வந்தார். முன்சக்கரத்தையும் டிஸ்க்கையும் கழற்றினார். டிஸ்க் உட்காரும் இடத்தில் நகத்தளவு துரு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் டிஸ்க் தலைமுடி அளவுக்குச் சாய்ந்து உட்கார்ந்து, அத்தனை நாளும் கோணலாகச் சுற்றியிருக்கிறது. கொம்பையா அதையே பார்த்தார். இரண்டு மாதத்துக்கு முன் இந்த வண்டிக்குப் புது டிஸ்க் மாட்டியவர் அவர்தான். அன்றைக்கு அவசரத்தில் துருவைச் சுரண்டாமல் மாட்டிவிட்டார்.

“இது என் வேலை” என்றார்.

“ஆமா” என்றாள் ஜெனோவா.

கம்பி பிரஷ் எடுத்து இரும்பு பளபளக்கும் வரை தேய்த்தார். ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்த டிஸ்க்கை லேத் பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சமப்படுத்திக் கொண்டுவந்து மாட்டினார். யாரும் சொல்லாமலே சாவியை எடுத்து உப்பள ரோடு வரை ஓட்டிவிட்டு வந்தார். 

சாயங்காலம் மீரான் வந்தார்.

“தப்பு என்னுது பாய். அன்னைக்கு நான் ஒழுங்கா மாட்டலை” என்றார் கொம்பையா.

மீரான் ஓட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்தார். “இப்ப சரியா இருக்குல்லா, அது போதும்” என்று சொல்லிப் புறப்பட்டார்.

டாக்ஸி தெருமுனை திரும்பும் வரை கொம்பையா பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேஸ்திரி, குறை எங்கன்னு உங்களுக்குக் காலையிலேயே தெரியுமா?”

“மீரான் சொன்ன உடனேயே தெரியும்.”

“அப்ப சொல்லியிருக்கலாமே. அரை நாள் வேலை மிச்சமாயிருக்கும்.”

“சொல்லியிருந்தா டிஸ்க்கைக் கழத்தியிருப்பீங்க அண்ணாச்சி. சாவியை வாங்கியிருக்க மாட்டீங்க.”