குழிதோறும் ராஜாவின் பெயர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் ஒரு தேசத்தை மகுடசேகரர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். புகழ்ச்சியைக் கேட்டால் மட்டும் ஆளே உருகிவிடுவார்.

ஒருமுறை பக்கத்து தேசத்து ராணி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அந்த நாட்டுச் சாலையில் ராஜா ரதத்திலேயே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். அப்படிப்பட்ட சாலை! எல்லையைத் தாண்டியதும் நம் நாட்டுக் குழி ஒன்றில் ரதம் இறங்கி ஏறியது பாருங்கள், ராஜாவின் தலை கூரையில் மோதி, மகுடம் உருண்டு வயலுக்குள் போய், நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் கழுவிக் கொடுக்கும்படி ஆயிற்று.

மறுநாள் சபையில் ராஜா கேட்டார்: "அங்கேயும் இதே செம்மண். அங்கேயும் இதே ஐப்பசி மழை. அவர்கள் சாலை ஏன் அப்படி இருக்கிறது, நம் சாலை ஏன் இப்படி இருக்கிறது?"

அந்த நாட்டு மாடுகளுக்குக் குளம்பு மெத்தென்று இருக்கும் என்றார் ஒருவர். எல்லைக்கு அந்தப் பக்கம் மழை மெதுவாகத்தான் விழும் என்றார் இன்னொருவர். சாலைகளைக் கவனிக்க வேண்டிய பிரதானி தாண்டவராயர் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். அவர் எங்கே போனாலும் பல்லக்கில் போகிறவர், ஆகையால் சாலைக்கும் அவருக்கும் நேரடிப் பழக்கம் கிடையாது.

"மகாராஜா! அந்த நாட்டுச் சாலையோரம் நெடுகக் கற்கள் நிற்பதைக் கண்டேன். ஒவ்வொன்றிலும் பெயர் பொறித்திருக்கிறார்கள். சாலைக்குப் பெருமை அந்தக் கற்களால்தான் வருகிறது. நம் பெருவழியில் தங்கள் திருநாமம் எங்கே இருக்கிறது?"

ராஜா உருகிவிட்டார். "என் ஆட்சியில் பெருவழியில் புதிதாக உண்டானது எதுவானாலும், அதன் அருகில் என் பெயர் பொறித்த கல் நிற்க வேண்டும். என் பிறந்த நாளுக்குள் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது!"

"இந்தப் பணிக்கு நம் அரசவை விகடர் சாத்தப்பனைவிடத் தகுந்தவர் யார்?" என்று தாண்டவராயர் தேன் ஒழுகச் சொன்னார். ராஜாவைச் சிரிக்கவைத்தே சாத்தப்பன் செல்லப்பிள்ளையாகிவிட்டதில் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

சாத்தப்பன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பாலம், சத்திரம், புளியமரங்கள், தண்ணீர்ப்பந்தல் எல்லாம் ராஜாவின் பாட்டனார் காலத்தவை. அவர் பெயர் அவற்றில் ஏற்கெனவே இருக்கிறது. அதை அழித்துப் பேரன் பெயரைப் போட்டால் முன்னோரை அவமதித்த குற்றம், தலை போகும். எழுத எதுவுமே கிடைக்கவில்லை என்று வந்து நின்றால் ராஜாவை அவமதித்த குற்றம், அதற்கும் தலைதான்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று அவன் மனைவி செங்கமலம் அழுதாள்.

"இந்தத் தடவை நான் வாயே தொறக்கலடி. அதுதான் கொடுமை" என்றான் சாத்தப்பன்.

கல்தச்சர் மாயாண்டியைக் கூட்டிக்கொண்டு அவன் பெருவழியில் நடந்தான். ஓரிடத்தில் உப்பு வண்டி ஒன்று குழிக்குள் சாய்ந்து கிடந்தது. வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"எந்த மகராசன் காலத்துல வந்த குழியோ! அவன் பேர எழுதி இங்கேயே நட்டு வெக்கணும்!"

சாத்தப்பன் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டான்.

பிறந்த நாள் வந்தது. மேளதாளத்தோடு ராஜா புறப்பட்டார். கோட்டை வாசலைத் தாண்டியதுமே பட்டுத்துணி போர்த்திய முதல் கல் நின்றது. துணியை விலக்கி ராஜா உரக்கப் படித்தார்.

"மும்முடி தாங்கிய, முத்துக்குடை நிழலமர்ந்த, மகுடசேகர மகாராஜா அவர்களின் ஆட்சியில் உண்டான குழி. எருமை படுக்கலாம்."

மேளம் நின்றுவிட்டது. அடுத்த கல்லில் அதே பட்டங்கள், அதே பெயர், கடைசியில் மட்டும், "குழி. ஆழம் தெரியவில்லை, இறங்கியவர் சொல்லவில்லை."

"ராஜ நிந்தனை!" என்று தாண்டவராயர் துள்ளினார். ராஜா வாளை உருவினார்.

சாத்தப்பன் கைகட்டி நின்றான். "மகாராஜா, தங்கள் ஆட்சியில் புதிதாக உண்டானது ஒன்றையும் விடாதே என்று கட்டளையிட்டீர்கள். பாலமும் மரமும் தங்கள் பாட்டனார் தந்தவை. அவரது சாலையில் தங்கள் காலத்தில் புதிதாக உண்டானவை இவைதாம். ஒன்று விட்டுப்போயிருந்தாலும் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

ஓங்கிய வாளுக்கு முன்னால் இப்படிப் பேச எப்பேர்ப்பட்ட நெஞ்சு வேண்டும்! நானாக இருந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ராஜாவின் கை தாழ்ந்தது. "அப்படியானால் அந்த நாட்டுக் கற்களில் என்னதான் எழுதியிருக்கிறது? அவர்கள் ராணியின் பெயர்தானே?"

"இல்லை, மகாராஜா. நேரில் போய்ப் படித்துவிட்டு வந்தேன். 'இங்கே சக்கரம் உடைந்தால் கீழத்தெரு வேலப்பன் வீட்டுக்கு வரவும்' என்று இருக்கிறது. அடுத்த கல்லில் அடுத்த ஊரார் ஒருவரின் பெயர். அந்தக் கல்வரை சாலை வேலப்பன் பொறுப்பு. வண்டி கவிழ்ந்தால் வந்தவருக்கு அவர் வீட்டில்தான் சோறு, வண்டியை இழுக்க அவர் வீட்டு மாடு. அதனால் மழை விட்டதும் வேலப்பன் மண்வெட்டியோடு இறங்கிவிடுகிறார். குழி உள்ளங்கை அகலமாக இருக்கும்போதே மூடிவிடுகிறார். அங்கேயும் குழி விழத்தான் செய்கிறது, மகாராஜா. ஆனால் ஒவ்வொரு குழிக்கும் கேட்க ஆள் இருக்கிறது. இங்கே இந்தக் குழிகள் யாருடையவை என்று கேட்டுப் பார்த்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. அதனால் தங்கள் பெயரைப் போட்டேன்."

ராஜா குழியைப் பார்த்தார். தம் பெயரைப் பார்த்தார். "எருமை படுக்கலாம்!" என்று முணுமுணுத்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார்.

"மாயாண்டி, கற்களை எல்லாம் செதுக்கித் திருத்து. 'இங்கே சக்கரம் உடைந்தால் தாண்டவராயர் மாளிகைக்கு வரவும்' என்று எழுது."

தாண்டவராயர் முன்னால் ஓடி வந்தார். "எல்லாக் கற்களிலுமா, மகாராஜா?"

"இல்லை. இந்த முதல் கல் எனக்கு. 'இங்கே சக்கரம் உடைந்தால் மகுடசேகரன் வீட்டுக்கு வரவும்.' அது போதும்."

மாயாண்டி உளியோடு தயங்கினார். "சாமி, பட்டமெல்லாம் எடுத்துட்டா பேரு மொட்டையா நிக்குமே?"

"நிற்கட்டும்" என்றார் ராஜா, இன்னும் சிரித்துக்கொண்டே. "வண்டி கவிழ்ந்தவனுக்கு அவ்வளவு நீளம் படிக்க ஏது நேரம்?"